இன்னும் வசிக்கிறார்

வருஷம் ஒருமுறை வரும் அட்டை அது.
'இந்த வீட்டில்தான் வசிக்கிறீர்களா?
ஆம் எனில் கையெழுத்திட்டு அனுப்பவும்.'
போன வருஷத்து அட்டை
ரொட்டிப் பெட்டிக்குள் கிடந்தது.
அதன்மேல் மூன்று நினைவூட்டல்கள்,
கட்டாத சொத்துவரி,
பரிசு விழுந்துவிட்டதாய் நம்பி
கான்சஸுக்கு அவர் அனுப்பிய
நாற்பத்தொரு காசோலைகளின் அடிக்கட்டைகள்.

டுலூத்தில் நவம்பர்.
ஏரி இன்னும் உறையவில்லை.
தாதுக் கப்பல் ஒன்று ஊதியதும்
அப்பா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்,
ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதுபோல.

தலைகீழ் அடமானம் என்று அதற்குப் பெயர்.
மற்றவர்களுக்குக் கட்டக் கட்டக் கடன் தேயும்.
இவருக்கு, ஒன்றும் கட்டாமலே வளரும்.
நிலவறையில் ஃபர்னஸ் பக்கம் எங்கேயோ
வட்டி குட்டி போட்டுக்கொண்டிருக்கிறது.

'நீங்க பேங்க்கா?' என்றார் முதல் நாள்.
மார்லிஸ், உங்கள் மகள் என்றேன்.
பர்ஸை இறுக்கிக்கொண்டார்.
மறுநாள், 'ஆமாம், பேங்க்' என்றேன்.
நாற்காலி இழுத்துப் போட்டார்.
ஆறிய காபி ஊற்றிக் கொடுத்தார்.
சாவிக்கொத்து, செக் புத்தகம்,
காது மிஷினின் பேட்டரிகூட
மேஜைமேல் எடுத்து வைத்தார்.
பிறகு குரலைத் தாழ்த்தி:
'என் பொண்ணுக்குத் தெரிய வேண்டாம்.
வக்கீலுக்குக் கட்டணும்னு வந்து நின்னா.
படகை வித்துட்டேன்னு சொல்லியிருக்கேன்.'

பதினெட்டாயிரம் டாலர்.
ஒன்பது வருஷம்.
அந்தப் பணத்தில்தான்
கர்டிஸிடமிருந்து என் பெயரைத்
திரும்ப வாங்கினேன்.

ஷெட்டைத் திறந்தேன்.
தார்ப்பாய்க்குக் கீழே படகு.
இருக்கைப் பஞ்சைக் கிழித்து
எலி மெத்தை போட்டிருக்கிறது.
இன்றைக்கு விற்றால் அறுநூறு தேறும்,
டிரெய்லரோடு சேர்த்து.

பேங்க் என்ற முறையில் அவரிடம் சொன்னேன்:
'உங்கள் மகளிடம் சொல்லமாட்டோம்.'
'நல்லது' என்றார்.
'அவ கோபக்காரி.'

நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம்
ஒரு இல்லத்தில் ஜனவரியில் இடம் காலியாகிறது.
அங்கே பன்னிரண்டு மாதம் தங்கிவிட்டால்
முழுக் கடனையும் கேட்பார்கள்.
இங்கேயே வைத்துக்கொண்டால்
இரவு நர்ஸுக்கு யார் கொடுப்பது?
உறையின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
எப்படிப் போட்டாலும் இடிக்கிறது.

அட்டை நழுவாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.
ரெய்னோ வில்லியம் காங்காஸ்.
ஒரு எழுத்தும் விடாமல் எழுதினார்.
தேதி மட்டும் 1987.
திருத்த எனக்கு அதிகாரம் உண்டு,
பவர் பத்திரத்தில் ஏழாவது பத்தி.
திருத்தவில்லை, இன்னும்.
தபால் எடுப்பது மூன்று மணிக்கு.