நிகர எடை

பர்கூருக்கு வெளியே மாங்கூழ் ஆலையில்
எடைமேடை என் பொறுப்பு.
லாரியை லோடோடு ஒரு தடவை,
இறக்கியபின் ஒரு தடவை.
கழித்தால் மிஞ்சுவது மாம்பழம்.

ஒரு மே மாதம்
பெங்களூருவிலிருந்து காலிக் கூடைகளோடு திரும்பிய திம்மராயன்
கேபினிலிருந்து இவனை இறக்கினார்.
"லேப்ரடார் சார், ஒரு வயசு.
அபார்ட்மெண்டுல வேணாமாம்."
பழுத்த பெங்களூரா மாம்பழத்தின் நிறம்.
வந்த ஊரும் அதுவே.
என் மகள் தேஜஸ்வினி வேறு பெயர் தேடவில்லை.
பெங்களூரா. அவசரத்துக்குப் பெங்கு.

காவலுக்கு என்று முதலாளியிடம் சொல்லி வைத்தேன்.
டீசல் உறிஞ்ச வந்தவனுக்கு வாலாட்டி,
அவன் டார்ச்சை வாங்கிக் கவ்விக்கொண்டு வந்து
தூங்கிக்கொண்டிருந்த என் மடியில் வைத்தான்.
விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
ஒரு பல்கூடப் பதியவில்லை.

கோழிமுட்டையையும் அப்படித்தான் கொண்டுவருவான்,
விரிசல் இல்லாமல், எச்சில் மட்டும் சொட்ட.
நாகவேணி துடைத்து எண்ணி
சாயங்காலம் மெஹபூபி வீட்டில் திருப்பிக் கொடுப்பாள்.

தண்ணீர் கண்டால் காது கேட்காது அவனுக்கு.
காய் கழுவும் தொட்டியில் இறங்கினால்
சங்கு ஊதினாலும் ஏறமாட்டான்.
பிறகு ஒரு வாரம் தலையைச் சாய்த்தே நடப்பான்,
காது மடலைத் தூக்கினால் புளித்த மாவு வாடை.
பஞ்சு, சொட்டு மருந்து,
பிடித்துக்கொள்ள இரண்டு ஆள்.
முடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்:
ரசத்தில், ரேஷன் கார்டில்,
முதலாளிக்கு நான் நீட்டிய எடைச்சீட்டில்.

ஆனால் வயிறு.
அதற்கு அடித்தளம் போட மறந்துவிட்டார்கள்.
காலையில் நான் போடுவேன்.
நான் கிளம்பியதும்
நாகவேணி முன்னால் போய் உட்கார்ந்து
பட்டினிக் கண் காட்டுவான். அவளும் போடுவாள்.
ஓட்டுநர்கள் ஆளுக்கொரு பன்.
விளையாட்டாக மேடையில் நிறுத்தினேன்.
பத்துப் பத்தாகத்தான் எண்ணத் தெரியும் அதற்கு.
நாற்பது என்றது.
சிரித்தோம்.

ஜூனில் மூன்று நாள் வாந்தி.
சாப்பாட்டைப் பார்த்து முகத்தைத் திருப்பினான்.
அப்போதுதான் பயந்தேன்.

ராயக்கோட்டை சாலையில்
டாக்டர் ரெபெக்கா படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.
"குடலில் மாங்கொட்டை. சீசனில் இது மூன்றாவது கேஸ்."
சிரைத்த வயிறு இளஞ்சிவப்பாக இருந்தது,
யாருடையதோ போல.
கதவுக்கு வெளியே நான்
பதினெட்டு வருடம் நிறுத்துத் தள்ளிய டன்களை
மனதுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன்.
அத்தனையிலும் ஒரே ஒரு கொட்டை.

எடுத்ததைக் கிண்ணத்தில் கொடுத்தார்கள். கறுத்திருந்தது.
தேஜஸ்வினி நடலாமா என்றாள்.
முளைக்காது என்றார் டாக்டர்.
என்னிடம் திரும்பி,
"இடுப்பு மூட்டு இப்போதே சத்தம் போடுகிறது.
எட்டு கிலோ குறையணும்.
பன் யார் போடுறது?" என்றார்.
நான் தரையைப் பார்த்தேன். அவனும்.

இப்போது அடுப்படிச் சுவரில் சாக்பீஸ் கோடு,
போட்டவர் கிழிக்க வேண்டும்.
தட்டில் பாதி பூசணிக்காய்.
தார் சூடேறுமுன் ஐந்து மணிக்கு நடை,
புறங்கையைச் சாலையில் வைத்துப் பார்த்துவிட்டு.
கூடைக்காரர்கள் கொட்டையை அள்ளும்வரை சங்கிலி.
அந்த ஒரு மணி நேரம்
என்னைப் பார்ப்பதில்லை.

ஆகஸ்ட். லாரிகள் நின்றுவிட்டன.
காலி மேடையில் தானே ஏறி உட்காருகிறான்.
முப்பது என்கிறது திரை.
நாகவேணிக்குக் காட்டக் கூப்பிடுகிறேன்,
வருவதற்குள் வாலை ஆட்டி நாற்பதாக்கிவிடுகிறான்.

டாக்டர் சொன்ன தராசு வேறு:
விலாவில் கை வைத்தால்
எலும்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது,
விரலுக்குத் தெரிய வேண்டும்.
குந்தி உட்கார்ந்து எண்ணுகிறேன்,
ஒன்பது, பத்து, இன்னொன்று சதைக்குள்.
கொஞ்சுகிறேன் என்று நினைத்து
மெல்லச் சரிந்து மல்லாக்கிறான்,
தழும்பைக் காட்டி.

எண்ணிக்கை தப்பிவிட்டது.
முதலிலிருந்து.