மூன்றாவது பந்து

நாடியா நீட்டிய பிளாஸ்டிக் பெட்டிக்குள்
மூன்று அறை, மூன்று நீலப் பந்து.
குழாயை வாயில் வைத்ததும் ஊதினேன்.
முப்பத்தொரு வருஷம் விசில் ஊதிய வாய்
வேறென்ன செய்யும்?
பந்துகள் அசையவில்லை.
"ஊதக்கூடாது, வில்மார். உறிஞ்சணும்.
சுரைக்குடுவையில வெள்ளிக் குழல் போட்டு
மாத்தே குடிப்பீங்களே, அப்படி.
சுடச்சுட இருக்குன்னு நினைச்சுக்கோங்க,
மெதுவா."

வலது நுரையீரலின் மேல்மாடியைக்
காலி செய்யப்போகிறார்கள், இருபத்திரண்டாம் தேதி.
அதுவரை பதினாறு நாள்.
மணிக்குப் பத்து மூச்சு,
ஒவ்வொன்றையும் மூன்று எண்ணும்வரை
வெளியே விடாமல் பிடித்து வைக்க வேண்டும்.
அப்புறம் தலையணையை நெஞ்சோடு அணைத்தபடி இருமல்:
தையல் போட்ட பிறகு இப்படித்தானாம்.
பழைய தலையணை. இர்மாவின் தைல வாசனை.
ஒத்திகைக்கே கண்ணில் நீர் வந்துவிட்டது.

கிளப்பில் யாரிடமும் மூச்சு விடாதே என்றிருந்தேன்.
இர்மா விடவில்லை.
மருந்துக்கடைக்காரன் விட்டுவிட்டான்.
மறுநாள் காலை வாசலில் எல்பியோ,
தொண்ணூற்று நான்கில்
சிவப்பு அட்டை காட்டி நான் வெளியேற்றிய கோல்கீப்பர்.
அன்றிலிருந்து என்னைக் கண்டால்
தெருவின் அந்தப் பக்கம் போய்விடுகிறவன்.
கையில் ஸ்டாப்வாட்ச்.
"படி ஏறச் சொன்னாங்களாமே. வா."

பைசாந்தூ துறைமுகத்தில் ஆற்றிலிருந்து ஏறும்
நாற்பத்திரண்டு படி.
முதல் நாள் பதினொன்றில் உட்கார்ந்துவிட்டேன்.
எதிர்க்கரை அர்ஜென்டினா ஆடியது.
அவன் எனக்கு முன்னால் நின்று,
நான் பதில் சொல்ல முடியாத அந்த நேரமாகப் பார்த்து,
"அது பெனால்டியே இல்ல. தெரியுமா?" என்றான்.

பதினைந்தில் கேட்டான். இருபதில் கேட்டான்.
மழை பெய்த செவ்வாயன்று
குடைக்குள்ளிருந்து கேட்டான்.
நான் வாய் திறப்பேன், இருமல் வரும்,
அவன் ஸ்டாப்வாட்சைப் பார்ப்பான்.

சிகரெட்டை விட்ட எட்டாம் நாள்
பக்கத்து வீட்டுப் பொரியல் மணம் பிடிபட்டது.
பத்தாம் நாள் இரண்டாவது பந்து
கூரையைத் தொட்டு நின்றது, ஒன்று, இரண்டு.
மூன்று எண்ணுவதற்குள் விழுந்தது.
மூன்றாவது பந்து இன்றுவரை
தூக்கத்தில் புரளும் குழந்தைபோல்
ஒருக்களித்து மறுபடி படுத்துக்கொள்கிறது.
நாடியா குறித்துக்கொண்டாள். திட்டவில்லை.

இருபத்தொன்றாம் தேதி, கடைசிப் படி.
அணைக்கட்டுத் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள்,
ஆறு பழுப்பாக ஓடியது.
"பெனால்டி இல்லதானே?"

மூச்சு போதவில்லை என்று கையால் காட்டினேன்.
சரி, வந்து சொல்லு, என்றான்.

பொய். அன்று போதுமான மூச்சு இருந்தது.