கையும் களவும்

நூறு லிட்டர் அரோசா உப்பங்கழி
ஒரு காசு அகல வடிதாளில்
காய்ந்து கிடக்கிறது.

பருத்தி அங்கி. உள்ளேயும் பருத்தி.
வாசலில் நின்று ஒட்டும் உருளையால்
மேலெல்லாம் உருட்டிக்கொண்டுதான் வந்தேன்.
போன மாதம் கடலில் கண்டுபிடித்த சிவப்பு இழை
என் கழுத்துத் துண்டிலிருந்து உதிர்ந்தது.
நான்கு நாள் வேலை, குப்பைக்கு.

சாயம் சொட்டி, நீல விளக்கைப் போட்டு
ஆரஞ்சுக் கண்ணாடி வழியே குனிந்தால்
மினுங்குகின்றன.
விண்மீன் என்று எழுதக் கை வரும்.
எழுத மாட்டேன்.
பாதிக்கு மேல்
ஏதோ கூனிக்குஞ்சு குளிருக்குச் சேர்த்த கொழுப்பு.
சாயம் ஏமாளி.
எண்ணெய்ப் பசை எங்கே கண்டாலும் ஒட்டிக்கொள்ளும்.

அதனால் லேசர்.
பதினேழாம் துகள்,
தலைமுடிக் கனத்தில் பாதி, நீலம்.
பச்சை ஒளியை அதன்மேல் நிறுத்தினேன்.
போகும் ஒளியில் கோடியில் ஒரு துளிதான்
நிறம் பிசகித் திரும்பும். அதில்தான் விஷயம்.
திரும்பியது நிறமியின் கூச்சல் மட்டும்:
நீலம் நான், நீலம் நான், நீலம் நான்.

கண்ணுக்கு எட்டாத சிவப்புக்கு மாற்றினேன்.
வலிமையைக் குறைத்தேன்,
எரிந்துபோனால் சாட்சி இல்லை.
வெளியே மழை. மீன் சந்தைக்குப் பனிக்கட்டி லாரி
பின்னோக்கி நகரும் பீப் பீப்.

எண்ணூற்றெட்டில் ஒரு மேடு.
எண்ணூற்று நாற்பத்தொன்றில் அதன் தம்பி.
பாலிப்ரொப்பிலீன்.
கயிறு.

நீலக் கயிறு இந்தக் கழியில் யாரிடம் இல்லை?
மட்டி வளர்க்கும் யூகலிப்டஸ் தெப்பங்கள்
கரையிலிருந்து எண்ணினால் எண்ணிக்கை தப்பிவிடும்.
அதில் இரண்டு
என் அண்ணன் ப்ரெய்ஷோவுடையவை.

கையும் களவுமாக என்பார்கள்.
ஒளி பிடித்துக்கொடுத்தது களவை.
கையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.
அறிக்கையில் ‘மூலம்’ என்ற கட்டத்தில்
‘தெரியவில்லை’ என்று தட்டினேன்.
பொய்யில்லை.
இருந்தும் இரண்டு முறை அழித்துத் தட்டினேன்.

இருட்டிய பிறகு வந்தான்.
ஒரு வாளி மட்டியை அடுப்படியில் இறக்கிவிட்டு,
“உஷியா, சோப்பு எங்கே?” என்றான்.
நெடுநேரம் கழுவினான்.
வலது கட்டைவிரல் வெடிப்புக்குள்
சோப்புக்கும் மசியாமல்
நீலமாய் ஒன்று.
விளக்கு எதுவும் தேவைப்படவில்லை.

ஒன்றும் சொல்லாமல் துண்டை நீட்டினேன்.
எனக்குப் பின்னால் சலவை இயந்திரம்
சிவப்புக் கழுத்துத் துண்டோடு
கடைசிச் சுற்றில் இருந்தது.