அடர் ஆரஞ்சு

செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு நாட்டுக்கு வண்ணம் பூசுகிறேன்.
எந்த நாடென்று சொல்ல ஒப்பந்தத்தில் இடமில்லை.
பெல்லந்தூர் ஏரிக்கு முதுகு காட்டும் ஆறாவது மாடி,
ஏ.சி. குளிருக்கு ஒரு ஸ்வெட்டர்,
இரண்டு திரைகள்.
அரசுக்கு நீலம்.
ஆயுதக் குழுவுக்கு அடர் ஆரஞ்சு.
சிவப்பு வேண்டாம், வாடிக்கையாளர் பதறுவார் என்றார் ரித்விக்.
இழுபறிக்குக் குறுக்குக்கோடு.

குறுக்குக்கோடுதான் எனக்கு வம்பு.

கோமரா என்று ஓர் ஊர்.
பகல் பத்து மணிக்குப் பள்ளிக்கூட மணி அரசின் கணக்கு.
இரவு பத்துக்கு விளக்கை அணைக்கச் சொல்வது அவர்கள்.
சந்தை, வெள்ளிக்கிழமை மட்டும் அவர்களுடையது.
கிணறு, யார் முதலில் வாளி விடுகிறார்களோ அவர்களுடையது.
ஒரு பாலிகனுக்கு ஒரு நிறம்தான் தருகிறது மென்பொருள்.

லாரி ஓட்டும் இத்ரீஸிடம் குறுஞ்செய்தியில் கேட்டேன்:
அவர்கள் நிலம் எங்கே தொடங்குகிறது?
மூன்று நாள் கழித்துப் பதில்:
'ரசீது எங்கே தொடங்குகிறதோ அங்கே.'
கூடவே ஒரு படம்.
பள்ளி நோட்டில் கிழித்த தாள்.
வெங்காயம், முப்பது மூட்டை, கட்டியாயிற்று.
தேதி, கையொப்பம், கோணாத முத்திரை.
எங்கள் வார்டு ஆபீஸில் இவ்வளவு சுத்தமாக
ஒரு ரசீதும் நான் வாங்கியதில்லை.
'இந்தத் தாள் இருந்தால் அடுத்த ஐந்து தடுப்பிலும் விட்டுவிடுவார்கள்.
ஆறாவதில் சிப்பாய் நிறுத்துவான்.
அவன் ரசீது தரமாட்டான்.'

மலை அவர்களுக்கு வேண்டாம்.
மலைமேல் யார் வெங்காயம் ஏற்றிப் போகிறார்கள்?
வேண்டியது சாலை, அதிலும் ஒரு வளைவு,
லாரி மூச்சிரைத்து கியர் மாற்றும் இடம்.
மாவட்டம் முழுக்க நான் பூசும் ஆரஞ்சு
தரையில் நாற்பது அடி.

பத்தாம் வகுப்பில் ஐந்திணைக்கு அட்டவணை போட்டோம்.
பாலைக்கு நேரே, நிலம் என்ற கட்டத்தில்,
'மணல்' என்று எழுதி அரை மதிப்பெண் இழந்தேன்.
அதற்கென்று தனி நிலம் கிடையாதாம்.
காடு காய்ந்தால் அது. மலை காய்ந்தால் அது.
வழிமறிப்பவர்கள் வந்து நிற்பது அதற்குப் பிறகு.
எது முதலில், எது பிறகு என்பதை
அன்றும் கவனிக்கவில்லை.

மாசியில் கோமராவை ஆரஞ்சாக்கினேன்.
ஒரே ஒரு தடுப்பு, ஒரே ஒரு இரவு,
அதுவும் இரண்டாம் கைத் தகவல்.
'கோடு போட்டால் குழப்பம், ஏதாவது ஒன்றை முடிவு பண்ணுங்க'
என்றார் ரித்விக், மாலை நாலரைக்கு.
புதன்கிழமை அந்தச் சாலைக்குக் காப்பீடு நின்றது.
வியாழன், தடுப்பூசி வண்டி ஆற்றுக்கு இப்பாலேயே திரும்பியது.
சம்பளம் கொண்டுபோகும் ஜீப்பும் காப்பீட்டில் ஓடியதுதான்;
பங்குனியில் வாத்தியார் போனார்,
மணி அடிக்க ஆளில்லை.
சித்திரையில் அவர்கள் வந்தார்கள்.
ஒரு தோட்டா செலவில்லை.
பள்ளியைத் திறந்தார்கள். கிணற்றடியில் வரிசை வைத்தார்கள்.
ரசீதுப் புத்தகத்தை இம்முறை அச்சடித்தே கொண்டுவந்தார்கள்.

இத்ரீஸ் எழுதினார்: 'உங்கள் படம் சரிதான்.'

காலாண்டு அறிக்கையில் என் பெயருக்கு நேரே
முன்கணிப்புத் துல்லியம் என்று ஒரு நட்சத்திரம்.
பூவம்மா கேக் வாங்கி வந்தாள்.
க்ரீம் நிறத்தைப் பார்த்துவிட்டு
எனக்குச் சளி என்றேன்.

இன்றும் செவ்வாய்.
வீட்டில் தண்ணீர் வரவில்லையென்று போன்.
டேங்கர்காரரைக் கூப்பிட்டேன்.
'உங்க கிராஸ் என் ஏரியா இல்ல சார்,
சந்திரப்பா ஆளுங்க டயரைக் கிழிச்சிடுவாங்க.'
உங்க ஏரியா எதுவரைக்கும் என்று கேட்டேன்.
'அது வண்டி உள்ளே போனாத்தான் சார் தெரியும்.'

திரையில், கோமராவுக்குக் கிழக்கே இன்னோர் ஊர்.
பெயர் ஏறவில்லை, எண் மட்டும்.
அங்கே மணி அடிக்கிறதா என்று யாரும் எழுதவில்லை.
நிறத்தட்டு திறந்திருக்கிறது.
நாலு இருபது.