கைப்பட்டன் கணக்கு

பதினாலு கோட்டு.
கைக்கு மூணு பட்டன், ரெண்டு கைக்கு ஆறு,
ஆக எண்பத்து நாலு.
போன ஆடியில் எண்ணியபோது அறுபத்தொன்று.
மீதியை
மூலக்கொத்தளம் தின்றதா, காசிமேட்டு மண் தின்றதா,
வியாசர்பாடி சுரங்கப்பாதைத் தண்ணீர் தின்றதா,
யாரும் சொல்லவில்லை.

ஏகாம்பரம் அண்ணன் சொன்னார்:
"பட்டனுக்குப் பத்து ரூபா பிடி. தன்னால நிக்கும்."
பிடித்தேன்.
நிற்கவில்லை.

புளியந்தோப்பில் ஆட்டுத்தொட்டிக்குப் பின்னால்
எங்கள் பேண்டு செட்டின் ஒற்றை அறை.
ஆறு வருஷமாய் நான்தான் இங்கே கணக்கு, இஸ்திரி,
ஆர்டர் எடுக்கிற போன்.
சிவப்பு வெல்வெட் காலரில் ஊறிய வியர்வையை
பிரஷ் போட்டுத் தேய்க்கிறவளும் நான்தான்.

பட்டன் பித்தளை. முகத்தில் நங்கூரம்.
முதுகில் ஒரு காது, நூல் நுழைய.
அந்தக் காதுதான் எதிரி,
அரம் மாதிரி நூலை அறுக்கும்.
அதிலும் இன்னாசிமுத்துவின் வலது கை!
ட்ராம்போன்காரர்.
நீட்டி நீட்டி மடக்கும்போதெல்லாம்
நூலில் ஓர் இழை சாகும்
என்றுதான் நினைத்திருந்தேன்.

ஞாயிறு காலை காசிமேட்டில்
வலைச் சாமான் கடைக்குப் போனேன்.
நரம்பு இருபது மீட்டர்,
தூண்டில் முறுக்கிக்கொள்ளாமல் சுழல்கிற
சின்ன வளையம் மூணு டஜன்.
"இன்னா மீனுக்கு?"
"பட்டனுக்கு."
கடைக்காரன் சிரிக்கவில்லை.
எடுத்த நரம்பை வைத்துவிட்டு
இன்னும் மெல்லிசாய் ஒன்று எடுத்துப் போட்டான்.

சவுகார்பேட்டையில் புதுப் பட்டன் நாற்பது.

துணியில் மூன்று துளை.
மூன்று காதும் உள்பக்கம் எட்டிப் பார்க்கும்.
மூன்றையும் கோத்து ஒரே நரம்பு,
நரம்பின் நுனியில் வளையம்,
அங்கிருந்து ஒரு சாண் எலாஸ்டிக்
லைனிங்குக்குள் ஏறி
முழங்கை மடிப்பில் ஓர் ஊக்கு.
நூலுக்கு வேலையே இல்லை.
இழுத்தால் வரும். விட்டால் போய் உட்காரும்.

ஆவணி முழுக்க
கல்யாணம் ஒன்பது, சாவு பதினொன்று,
மாதா கோயில் தேர் ஒன்று.
எண்பத்து நாலு.
அண்ணன் எனக்கொரு பாதாம்பால் வாங்கித் தந்தார்.

அப்புறம் ஒரு செவ்வாய், மழை விட்ட ராத்திரி.
எல்லாரும் கோட்டைக் கழற்றிப் போட்டுப் போன பின்
இன்னாசிமுத்து மட்டும் போகவில்லை.
ட்ராம்போன் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.
துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"தண்டையார்பேட்டைல இன்னிக்கு ஒரு சாவு.
பையனுக்கு அஞ்சு வயசிருக்கும். அப்பாதான் போய்ட்டாரு.
அல்லாரும் அழுவுறாங்க, அவன் மட்டும்
என் கையவே பாத்துனு வர்றான்.
திருகிப் பாத்தேம்மா. வரல.
இழுத்தா வருது, விட்டா உள்ள ஓடுது.
அதுக்கே சிரிச்சான்.
ஆனா கையில குடுக்க
ஒண்ணுமில்லாம பூட்ச்சி."

இருபத்து மூன்று.
நோட்டைத் திறக்காமலே எனக்குத் தெரியும்,
பாதிக்கு மேல் இவர் பெயரில்தான்.
பத்துப் பத்தாய்ப் பிடித்தபோதெல்லாம்
ஏன் என்று அவர் கேட்டதில்லை.
எங்கே என்று நானும் கேட்டதில்லை.

அவர் கோட்டை மடியில் போட்டுக்கொண்டேன்.
வலது கையில்
இரண்டு பட்டன் நரம்பிலேயே இருக்கட்டும்.
மூன்றாவது பருத்தி நூலில்,
இரண்டே தையல்,
முடிச்சுப் போடாமல்.

கார்த்திகைக் கணக்கில் எண்பது.
"மறுபடியும் எங்க போச்சு?"
"காத்துல விழுந்திருக்கும்ணா."
"பித்தளைய காத்து தூக்குமா?"
"காசிமேட்டுக் காத்து."

அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு
போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.
பிடித்தம் என்கிற கட்டத்தில்
ஒரு கோடு மட்டும் இழுத்தேன்.
டப்பாவில் இன்னும் பதினேழு இருக்கிறது.
குலுக்கினால் கேட்கும்.