பொய்ப்பெட்டி

அண்ணன் கனடாவிலிருந்து அனுப்பிய பெட்டிக்குள்
இருபத்திரண்டு பொய்கள்.
ஒவ்வொன்றும் தன் அறையில்
இமை இல்லாக் கண்ணோடு படுத்திருந்தது.

"இதெல்லாம் சின்னவாயன் மீனுக்கு,
அங்க விரால் எடுக்குமோ தெரியாது."
வட்ஸ்அப்பில் அவனுக்குப் பின்னால் வெறும் சுவர்.
வீட்டுக்குள்ளும் தொப்பி.
வேலை எப்படி என்றேன்.
"ஓம், போகுது."

மாங்குளத்தில் ஆட்டோ உதிரிப்பாகம் விற்பவளுக்கு
ஞாயிறு அரைநாள்.
ஒரு மணிக்குக் கனகராயன் ஆற்றில் நிற்பேன்.
மாசி முடிகிற தண்ணீர் முழங்காலுக்கு வடிந்துவிட்டது;
மருதமரத்து வேரடியில் மட்டும்
இடுப்பளவு கறுப்பு.
இருந்தால் அங்கேதான் இருக்கும்.

முதலில் அந்த வெள்ளிக்குஞ்சைக் கட்டினேன்.
நீந்துகிற வடிவைப் பார்த்து
நானே ஒருதரம் ஏமாந்தேன்.
வயிற்றிலும் வாலிலும் மும்முள் கொளுவிகள்.
மூன்றாவது எறிதலில்
அரைச்சாக்குப் பாசியோடு கரைக்கு வந்தது.

"கல்லாத்துக்குச் செய்த சாமான்" என்றான் ஞானறூபன்,
பக்கத்து இரும்புக்கடைக்காரன்,
மண்புழு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு.
"எங்கட ஆறு கடன்காரன் மாதிரி,
கையைப் பிடிச்சால் விடாது."

குறட்டால் முட்களை வெட்டினேன்.
ஒன்றே ஒன்று மிச்சம்.
அதுவும் வேரில் போனது.
ஆரஞ்சுக் கரண்டி, இறகு வைத்த சுழலி,
நண்டு மாதிரி ஒன்று, அதைவிட மோசமான ஒன்று.
பங்குனிக்குள் பெட்டியில் ஒன்பது அறை காலி.

பேந்து என் பழைய செருப்பை எடுத்தேன்.
கறுப்பு றப்பர், குதி தேய்ந்தது.
பிளேடால் தவளை அளவுக்கு வெட்டி,
காலுக்கு ஆட்டோச் சீற்றின் நூல்,
முள் நுனியை முதுகுக்குள் புதைத்து
மேலே பார்க்க வைத்தேன்.
பாசிக்கு மேலே அது தத்தித் தத்தி வந்தது,
ஒன்றையும் பிடிக்காமல்.

எறி. விழுந்த வட்டம்
விரிந்து கரை தொட்டு அழியும்வரை
கையை அசைக்காதே.
ஏழு எண்ணு.
பிறகு ஒரு சின்ன நடுக்கம், அவ்வளவுதான்.
இழுப்பில் அல்ல,
நிற்கிறதில்தான் மீன் நம்புகிறது.

ஒருநாள் வேரடிக்கு இந்தப் பக்கம்
தண்ணீர் சிவப்பாய்ப் பொரிந்தது.
விரால் குஞ்சுகள், நூறு இருக்கும்,
ஒரே பந்தாய் மூச்செடுக்க மேலே வந்து போயின.
கீழே தாய்.
"போடு, போடு, இப்ப எதைப் போட்டாலும் கடிக்கும்!"
கடிக்கும். தெரியும்.
பசியில் அல்ல, கோபத்தில்.
நான் தூண்டிலை மடித்தேன்.
ஞானறூபன் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை,
பாலத்தில் ரயில் போகும்போது மட்டும்
பழக்கதோசத்தில் ஏதோ கத்தினான்.

கிடைத்தது அடுத்த மடுவில், பொழுதுபட.
தண்ணீர் உடைந்தது, கதவு அறைந்த சத்தம்.
உடனே வெட்டி இழுத்திருந்தால் தவளைதான் வந்திருக்கும்.
ஒன்று, இரண்டு,
அது வாயை மூடித் திரும்பட்டும்,
மூன்று.
ஒன்றரைக் கிலோ. கை இரண்டுநாள் நொந்தது.

இரவு அண்ணனுக்குப் படம் அனுப்பினேன்.
உடனே அழைத்தான்.
அங்கே பனி, ஆறு திறக்க ஆனியாகும் என்றான்.
வேலை எப்படி?
"ஓம்... போகுது."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
ஏழுக்கு மேலும் எண்ணினேன்.
அவன் பக்கத்தில் குளிர்சாதனப்பெட்டி இரைந்தது.

"தையிலிருந்து வீட்டிலதான்" என்றான்.

இழுக்கவில்லை. ஏன் என்று கேட்கவில்லை.
நூல் தொய்வாகவே கிடந்தது.

கொஞ்சம் பொறுத்து அவனே கேட்டான்:
"விரால் எதுக்கடி எடுத்தது,
அந்த மஞ்சளுக்கோ, வெள்ளிக்கோ?"
"என்ர இடக்கால் செருப்புக்கு."

சிரித்தான்.
தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.
முன்பக்கம் நிறையக் கொட்டிப்போயிருந்தது.