மறுபடி நிரப்பக் கூடாது

சஜ்ஜா பழைய இரும்புச் சந்தையில்
காலி சிலிண்டருக்கு எடைபோட்டு விலை.
உள்ளே ஏதோ மிச்சம் குலுங்கினால்
பேரம் பேசாமல் நகர்ந்துவிடுவேன்.

இது சமையல் வாயு அடைத்தது.
தோள்பட்டையில் குத்திய எண்களில்
கடைசியாகச் சோதித்த ஆண்டு:
எனக்கு மீசை அரும்பாத ஆண்டு.

வால்வைத் திறந்து இரண்டு நாள்
ஷெட்டுக்கு வெளியே தனியே நிறுத்தினேன்.
பீடிக்காரர்களை அந்தப் பக்கம் விடவில்லை.
பித்தளைச் சாவியால்தான் திருகினேன்
பொறி பறக்கக் கூடாதென்று.
கழுத்து முட்டத் தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்தேன்,
சோப்புத்தூள் போட்டு உருட்டினேன்,
மறுபடி தண்ணீர்.
துருவின் நிறத்தில் ஒரு தேநீர் வந்தது.

சோதனைக்கும் தண்ணீர்தான்.
கைப்பம்பில் அழுத்தம் ஏற ஏற
தண்ணீர் கோபித்தால்
விரிசலில் வியர்க்கும், அவ்வளவுதான்.
காற்று அப்படியில்லை.
அடக்கி வைத்ததையெல்லாம்
ஒரே நொடியில் சொல்லிவிடும்.
பக்கத்து கராஜில் திலக் பகதூரின் முழங்கையிடம்
அது சொன்னபோது நான் அங்கே இருந்தேன்.
சீலிங் ஃபேன் இறக்கை ஒன்று
தெருவில் கிடந்தது.

அதனால் கேஜ், அடைப்பான், ஆறடி ஹோஸ்,
எல்லாவற்றுக்கும் முன்னால்
அளவு மீறினால் தானே திறக்கும் குட்டி வால்வு.
அதற்கு மட்டும் புதுசு, ரசீதோடு.
மற்றதெல்லாம் ஏற்கெனவே ஒருவருக்கு உழைத்தவை,
என்னையும் சேர்த்து.

முதல் தொட்டி குல்ஜமானுக்கு.
ஒட்டகப் பண்ணைகளுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன்.
மணலில் இறங்குமுன் டயரைத் தளர்த்துவான்,
தார் ஏறும்போது இறுக்க
நாற்பது கிலோமீட்டரில் ஒரு பம்பு இல்லை.
வியாழன் இரவு போன் செய்தான்:
"உஸ்தாத், உன் காற்று நாறுகிறது.
டயர் மூடியைத் திறந்தால்
எங்கள் ரூம் அடுப்பு பற்றவைக்கும் முன் வரும் வாசம்.
மணல்மேட்டில் நின்றுகொண்டு
எனக்குப் பசிக்கிறது."

மூன்று தரம் கழுவியும் போகவில்லை.
இரும்புக்கு ஞாபகம் அதிகம் என்றேன்.
பணத்தைக் குறைத்துக்கொள் என்றான்.

இவ்வளவும் ஒழுங்காகத்தான் போனது.
பிறகு முதலாளி ஒரு பிக்கப் நிறைய
ஃப்ரியான் சிலிண்டர் கொண்டுவந்தார்.
ஏ.சி. மெக்கானிக்குகள் வீசியவை,
வெளிர்நீலம், கையில் எடுத்தால் முறுக்குத் தகரம்போல் லேசு.
"இதிலும் காற்று அடை. ஒன்று அறுபது திர்ஹம்."
உடம்பைச் சுற்றி எழுதியிருந்தது:
ஒரு முறைக்கு மட்டும். மறுபடி நிரப்பக் கூடாது.
மெல்லிய தகடு. உள்ளே ஈரம் தின்னும்.
வெளியே பெயின்ட் சிரித்துக்கொண்டிருக்கும்.

சொன்னேன்.
"படிக்கத் தெரிந்தவன்தான் பயப்படுவான்," என்றார்.

அன்றிரவு தண்டபாணியும் நானும்
மிச்ச வாயுவைச் சேகரிப்பு மிஷினில் வாங்கிவிட்டு
ஒவ்வொன்றின் வயிற்றிலும் துளையிட்டோம்.
நாற்பத்தொன்று. இரண்டு டிரில் பிட் போனது.
தண்டபாணி வியர்வையைத் துடைத்துக்கொண்டு
தன் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"நம்மை நாலு தரம் புதுப்பித்திருக்கிறார்களே,
யாராவது தண்ணீர் ஊற்றிச் சோதித்தார்களா?"
சிரிக்க வேண்டுமா தெரியவில்லை.
டிரில்லை மறுபடி அழுத்தினேன்.

காலையில் முதலாளி துளைகளைப் பார்த்தார்.
எங்களைப் பார்க்கவில்லை.
எடைக்குப் போட்டு வா என்றார்,
டிரில் பிட் காசு சம்பளத்தில் பிடித்தம்.
இந்த மாதமா அடுத்த மாதமா, சொல்லவில்லை.

இப்போது ஸ்டாண்டில் இரண்டாவது தொட்டி.
நேற்று நூறில் நின்ற முள்
இன்று தொண்ணூற்றெட்டில்.
எங்கோ போய்க்கொண்டிருக்கிறது.
பழைய பிரஷை சோப்பு நுரையில் தோய்த்து
கழுத்தில், மூட்டில், கேஜின் அடியில்
மெதுவாகத் தடவுகிறேன்.
ஏ.சி. சத்தத்தை அணைக்கச் சொன்னேன்.
காத்திருக்கிறேன்,
ஒரு குமிழ் எழும்பட்டும்.